மரகதப்புறா ஏன் மாநிலப் பறவை, அதனால் அதற்கு என்ன லாபம்?

தமிழ்நாட்டின் மாநிலப் பறவை மரகதப்புறா என்று பள்ளியில் படித்தோம், ஆனால் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. காகம், மைனா, மயில் எல்லாம் கண்ணெதிரே திரியும்போது இதை ஏன் வைத்தார்கள், மற்ற மாநிலங்களில் என்ன கணக்கு, இந்தப் பட்டத்தால் பறவைக்கு ஏதாவது நன்மை உண்டா என்பது கேள்வி. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பால் மட்டும் ஒன்றும் கிடைக்காது. கிடைத்த இடங்களில் எல்லாம் அறிவிப்புக்குப் பின்னால் யாரோ இறங்கி வேலை செய்திருக்கிறார்கள்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாநிலப் பறவைக்கென்று தனிப் பிரிவு கிடையாது. ஒரு பறவையைப் பிடித்தால், விற்றால் என்ன தண்டனை என்பது அந்தச் சட்டத்தின் எந்த அட்டவணையில் அது இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மாநிலச் சின்னம் என்பது மாநில அரசு வெளியிடும் ஓர் அறிவிப்பு, அவ்வளவுதான். பாடப்புத்தகத்தில் வரும், வனத்துறை நாட்காட்டியில் வரும், போட்டித் தேர்வில் ஒரு மதிப்பெண் வாங்கித் தரும்.

சரி, மரகதப்புறாவுக்கு வருவோம். பார்த்ததில்லை என்று சொல்கிறவர்கள் ஒரு பக்கம், பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு பக்கம். ஆலமரமும் அரசமரமும் பழுக்கும் காலத்தில் கூட்டமாக வந்து இலையோடு இலையாக உட்கார்ந்திருக்கும் பச்சைப்புறாவைப் படமெடுத்து "நம்ம மாநிலப் பறவை" என்று வாட்ஸ்ஆப்பில் போடுகிறார்கள். அது மஞ்சள் கால் பச்சைப்புறா, மகாராஷ்டிரத்தின் மாநிலப் பறவை, அங்கே ஹரியால் என்பார்கள். மரத்தின் உச்சியிலேயே வாழ்க்கையை ஓட்டும், தரைக்கு வருவது அபூர்வம். மரகதப்புறா நேர்மாறு. காட்டுத் தரையில் சருகுக்கு நடுவே நடந்து, விழுந்த விதையையும் பழத்தையும் பொறுக்கித் தின்னும்; பெரும்பாலும் தனியாக, இல்லாவிட்டால் ஜோடியாக. புள்ளிப்புறாவைவிடச் சற்றுச் சிறியது, 25 செ.மீ. இருக்கும், வால் குட்டை. தலையும் மார்பும் திராட்சைச் சாறு தோய்ந்த மாதிரி ஒரு மங்கலான சிவப்பு. அலகு நல்ல சிவப்பு. ஆணுக்கு உச்சந்தலை சாம்பல் கலந்த நீலம், நெற்றியிலிருந்து புருவம் வரைக்கும் வெள்ளை, தோளில் ஒரு வெள்ளைத் திட்டு. பெண்ணுக்கு இவையெல்லாம் மங்கிப் பழுப்பு கூடியிருக்கும். இறக்கை மரகதப் பச்சை, ஆனால் நிழலில் அது கிட்டத்தட்ட கருப்பாகத்தான் தெரியும், கிளைகளுக்கு நடுவே வெயில் ஒரு பொட்டு இறங்கி அதன் மேல் பட்டால்தான் பெயருக்குக் காரணம் விளங்கும். நாம் பக்கத்தில் போகும்வரை அசையாமல் இருந்துவிட்டு, சடசடவென்று எழுந்து, ஆள் உயரத்துக்கும் கீழே மரங்களுக்கு இடையில் வளைந்து வளைந்து பறந்துவிடும். அந்த நொடியில் அடிமுதுகில் குறுக்கே இரண்டு வெளிர் பட்டைகள் தெரியும். நிறையப் பேருக்கு மரகதப்புறா என்றால் அந்த இரண்டு பட்டைகள்தான்.

குரலும் அப்படி. தாழ்ந்த "ஊ...ம்" என்ற முனகல், மெதுவாகத் தொடங்கிக் கொஞ்சம் ஏறும், மறுபடி அதே. எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிபடாது.

அப்புறம் இது தமிழ்நாட்டுக்கே உரிய பறவை என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள், அதை நம்பாதீர்கள். இந்தியாவில் பல பகுதிகளில் இருக்கிறது, இலங்கையில் இருக்கிறது, தென்கிழக்கு ஆசியா முழுக்க இந்தோனேசியா வரை இருக்கிறது. அழியும் நிலையிலும் இல்லை. நம் ஊரில் மேற்குத் தொடர்ச்சி மலை, அதன் அடிவாரக் காடுகள், நிழல் மரம் விட்டு வைத்திருக்கும் காபித் தோட்டங்கள் ஆகியவைதான் அதன் இடம். சமவெளியில் வீடு இருப்பவர்கள் பார்க்காததில் ஆச்சரியமே இல்லை. தமிழ்நாட்டின் சின்னங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது தெரியும்: விலங்கு நீலகிரி வரையாடு, 2019ல் அறிவித்த பட்டாம்பூச்சி தமிழ் மறவன், பறவை மரகதப்புறா, மூன்றுமே மலைக்காட்டு ஆட்கள். பனைமரமும் செங்காந்தளும்தான் சமவெளிக்காரர்களின் கண்ணில் படுபவை.

பக்கத்தில் புதுச்சேரி 2007ல் செய்ததைப் பாருங்கள். பறவை குயில், விலங்கு அணில், மரம் வில்வம், பூ நாகலிங்கம். ஒரு கோயில் பிரகாரத்தைச் சுற்றி வந்தாலே எல்லாச் சின்னத்தையும் முடித்துவிடலாம். எனக்கு இந்த அணுகுமுறை பிடிக்கும், குழந்தையிடம் காட்ட முடிகிற சின்னம். ஆனால் குயிலுக்கு அரசு தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, செய்யவும் முடியாது. காக்கை கூடு கட்டும்வரை அது பிழைத்துக்கொள்ளும். (ஜார்க்கண்டும் குயிலைத்தான் வைத்திருக்கிறது.)

ஆக, எல்லோரும் பார்க்கிற பறவையை வைப்பதா, காப்பாற்ற வேண்டிய பறவையை வைப்பதா என்பதுதான் எல்லா இடத்திலும் இழுபறி. தேசியப் பறவைக்கும் இதே கதைதான். 1963ல் மயில் அறிவிக்கப்படுவதற்கு முன் கானமயிலை (இது மயில் இல்லை, கிரேட் இந்தியன் பஸ்டர்ட் என்கிற பெரிய புல்வெளிப் பறவை) வைக்கலாம் என்று பறவையியலாளர் சாலிம் அலி வாதாடினார், அருகி வரும் பறவைக்குக் கவனம் கிடைக்கும் என்பது அவர் எண்ணம். நாட்டின் பெரும்பகுதியில் இருக்க வேண்டும், சாதாரண ஜனங்களுக்கு அடையாளம் தெரிய வேண்டும், கதையிலும் கலையிலும் இடம் இருக்க வேண்டும் என்று பார்த்தால் மயிலை யாராலும் அசைக்க முடியாது. இன்றைக்கு மயில் பெருகிக் கிடக்கிறது, நம் விவசாயிகள் நெல்லையும் நிலக்கடலையையும் அது காலி செய்வதாகப் புகார் சொல்கிறார்கள். கானமயில் இயற்கையில் மிஞ்சியிருப்பது 150 வாக்கில்தான். சாலிம் அலி சொன்னபடி செய்திருந்தால் பிழைத்திருக்குமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் அந்தப் பறவைக்கு மாநில அளவில் அந்தப் பட்டம் கிடைக்கத்தான் செய்தது.

1970களின் கடைசியில் அரபு இளவரசர்களின் வேட்டைக் குழு ஜெய்சல்மேர் பக்கம் வந்தபோது ராஜஸ்தானில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது, அந்தச் சூட்டில் கானமயில் மேல் எல்லோருடைய கவனமும் திரும்பி, 1981ல் மாநிலப் பறவை ஆனது. அங்கே கோடாவண் என்பார்கள். ஆண் பறவை 15 கிலோ வரை கனக்கும், பறக்கக்கூடிய பறவைகளில் மிகக் கனமானவற்றில் ஒன்று. தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை, அதையும் நாயோ நரியோ கொண்டுபோனால் அந்த வருடம் போச்சு. கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நேர் முன்னால் இருப்பது சரியாகத் தெரியாது. இவ்வளவு கனமான உடம்பைக் கடைசி நொடியில் திருப்பவும் முடியாது. சூரிய மின்சாரத்துக்கும் காற்றாலைக்கும் தார் பாலைவனத்தின் குறுக்கே இழுத்த உயர் மின்னழுத்தக் கம்பிகளில் மோதிச் சாகிறது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதிகளில் கம்பிகளைத் தரைக்கு அடியில் கொண்டுபோகச் சொன்னது, நடைமுறையில் முடியாது என்று அரசு போய் நின்றதும் 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. ஒரு காலத்தில் இந்தப் பறவை தமிழ்நாட்டிலும் இருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்போது மிச்ச நம்பிக்கை 2019ல் ஜெய்சல்மேர் அருகே சாம் என்ற ஊரில் தொடங்கிய இனப்பெருக்க மையம்தான்: வெளியில் கிடைத்த முட்டைகளை எடுத்து வந்து இன்குபேட்டரில் பொரித்து வளர்க்கிறார்கள், 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலம் முதல் குஞ்சும் வந்தது. அதற்கான பயிற்சியை ஊழியர்கள் வாங்கிக்கொண்டது அபுதாபியில், வல்லூறு வேட்டைக்காக, கானமயிலுக்கு உறவான ஹௌபாராப் பறவையை ஆயிரக்கணக்கில் வளர்க்கிற ஆட்களிடம்! பட்டம் கொடுத்த வருடத்திலிருந்து இந்த மையம் வரும்வரை இடையில் 38 வருடம். அந்த 38 வருடத்தில்தான் பறவை போனது.

பனங்காடைக்கு வேறு மாதிரிப் பிரச்சினை. கர்நாடகம், தெலங்கானா, ஒடிசா மூன்றும் இதையே வைத்திருக்கின்றன. பிரிவினைக்கு முன் ஆந்திரமும் இதைத்தான் வைத்திருந்தது. பிரிந்த பிறகு தெலங்கானா அதைத் தொடர, ஆந்திரம் 2018ல் கிளிக்கு மாறிக்கொண்டது. நம் ஊரிலும் ரோட்டோர மின்கம்பியில் சும்மா பழுப்பாக உட்கார்ந்திருக்கும், இறக்கையை விரித்ததும் கருநீலமும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக வரும், அதுதான். தெலங்கானாவில் தசரா அன்று பாலபிட்டாவை (பனங்காடைக்கு அங்கே அதுதான் பெயர்) பார்த்தால் வருடம் முழுக்க நல்லது என்று ஊர் எல்லை தாண்டி வயல்வெளிக்குப் போய்த் தேடுவார்கள், வன்னி மரத்துக்குப் பூஜையும் உண்டு. நல்ல பழக்கம், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஹைதராபாத் மாதிரி ஊரில் வயலுக்கு எங்கே போவது? எனவே பறவை வீதிக்கு வருகிறது. பண்டிகைக்குச் சில நாட்கள் முன்பே பிடித்து, காலைக் கட்டி, இறக்கையை வெட்டியோ ஒட்டியோ கூண்டில் வைத்துக் காசு வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். சட்டப்படிக் குற்றம், விலங்கு நல அமைப்புகள் வருடா வருடம் மீட்கவும் செய்கின்றன, ஆனாலும் மீட்டதில் நிறைய அதற்குப் பிறகு பறக்கிற நிலையில் இருப்பதில்லை. மாநிலப் பறவை என்ற பெயரும் பக்தியும் சேர்ந்தும் அதைக் கூண்டிலிருந்து காப்பாற்றவில்லை, சொல்லப்போனால் பக்திதான் கூண்டில் வைக்கிறது. 2023ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையில் எண்ணிக்கை வேகமாகச் சரிகிற பறவைகளில் பனங்காடையும் இருக்கிறது.

ஆந்திரம் எடுத்துக்கொண்ட கிளியைப் பற்றி நமக்குச் சொல்லவே வேண்டாம். இந்தியாவின் சொந்தக் கிளி எதையும் கூண்டில் வைப்பது சட்டவிரோதம், இருந்தும் கிளி ஜோசியக்காரரைக் கடந்து போகாத தமிழர் யார்?

இப்போது நன்றாக நடந்த கதைகள். பெரிய இருவாச்சியைக் கேரளமும் அருணாசலப் பிரதேசமும் வைத்திருக்கின்றன. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஒரு கீறல் மட்டும் விட்டு, அதன் வழியாக ஆண் மாதக்கணக்கில் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டும். ஆணைச் சுட்டால் பொந்துக்குள் இருப்பவையும் போச்சு. கேரளத்தில் வாழச்சால் பக்கம் காடர் பழங்குடியினர், முன்பு பொந்தில் ஏறிக் குஞ்சு எடுத்தவர்கள் உட்பட, வனத்துறையோடு சேர்ந்து கூட்டுக்குக் காவல் இருக்கிறார்கள். எந்த மரத்தில் எந்த வருடம் கூடு இருந்தது என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்? அருணாசலத்தில் நிஷி பழங்குடி ஆண்கள் அணியும் தொப்பியில் இருவாச்சியின் அலகு வைப்பது மரபு. வேட்டையாடாதே என்று வெறுமனே சொன்னால் தொப்பியை விடு என்று சொன்ன மாதிரி. பக்கே புலிகள் காப்பகப் பகுதியில் கண்ணாடியிழையில் அதே அலகைச் செய்து கொடுத்தார்கள், அது பரவியது. அதன் மேல் 2011 வாக்கில் கூடு தத்தெடுப்புத் திட்டம் வந்தது: நகரத்தில் இருக்கிறவர் பணம் அனுப்புகிறார், அந்தப் பணத்தில் நிஷி கிராமத்து ஆட்கள் சம்பளம் வாங்கிக் கூட்டைக் காக்கிறார்கள். எனக்குத் தெரிந்து மாநிலச் சின்னமாக இருக்கும் பறவைகளில் உள்ளூர்க்காரருக்குச் சோறும் போட்டுப் பறவையையும் காத்த ஏற்பாடு இதைவிடச் சிறந்தது இல்லை.

நாகாலாந்தில் ஒரு வேடிக்கை உண்டு. 2000ஆம் ஆண்டிலிருந்து டிசம்பர் முதல் பத்து நாட்கள் அங்கே பெரிய விழா நடக்கிறது, பெயரே இருவாச்சி விழா, ஹார்ன்பில் பெஸ்டிவல். ஆனால் மாநிலப் பறவை இருவாச்சி இல்லை, டிராகோபன் என்கிற காட்டுக்கோழி இனம். விழாவுக்குப் பெயர் கொடுத்த பறவை அந்த மாநிலக் காடுகளில் அரிதாகிவிட்டது. டிராகோபனுக்கு மட்டும் கொனோமா என்ற அங்காமி நாகர் கிராமம் 1998ல் தானாகவே ஒரு காட்டை ஒதுக்கி வேட்டையை நிறுத்தியது. அரசு நிலம் இல்லை அது, ஊர் நிலம். தடை போட்டதும் ஊர்தான், மீறினால் அபராதம் வாங்குவதும் ஊர்தான்.

சத்தீஸ்கர் மலைமைனாவை வைத்துக்கொண்டு பஸ்தரில் பல வருடம் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்யப் பார்த்தது. மலைமைனாவில் ஆண் எது பெண் எது என்று பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் ஜோடி சேர்ப்பதே குருட்டாம்போக்காகப் போனது. கடைசியில் காங்கேர் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவில் உள்ளூர் இளைஞர்களை "மைனா மித்ரா" என்று வைத்துக் காட்டிலேயே கூடுகளைக் காக்க ஆரம்பித்த பிறகுதான் காரியம் உருப்பட்டது. டெல்லி 2012ல் சிட்டுக்குருவியை எடுத்துக்கொண்டது, குருவி காணாமல் போகிறது என்ற கவலை உச்சத்தில் இருந்த நேரம். செல்போன் டவரால் அழிந்தது என்பார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, கூடு கட்டச் சந்து பொந்தும் குஞ்சுக்குக் கொடுக்கப் பூச்சியும் இல்லாத நகரக் கட்டடங்கள்தான் பெரிய காரணம். நாடு முழுக்கப் பார்த்தால் அதன் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் அடி. இமாசலம் 2007ல் மோனால் என்கிற மலைக்காட்டுக் கோழியை இறக்கிவிட்டு மேற்கு டிராகோபனை ஏற்றியது. மோனால் அண்டை மாநிலமான உத்தராகண்டின் பறவையாக இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து ஒன்றே ஒன்று, ஏனென்றால் இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. அமெரிக்காவின் லூசியானா மாநிலக் கொடியிலேயே கூழைக்கடா இருக்கிறது. 1966ல் பழுப்புக் கூழைக்கடாவை அதிகாரபூர்வ மாநிலப் பறவையாகச் சட்டம் போட்டபோது அந்த மாநிலத்தில் கூடு கட்டும் கூழைக்கடா ஒன்றுகூட மிச்சமில்லை. டிடிடி, எண்ட்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகள் ஆற்றோடு வந்து மீனுக்குள் போய், மீன் வழியாகப் பறவைக்குள் போயிருந்தன. 1968லிருந்து ஃபுளோரிடாவில் குஞ்சுகளை வாங்கிவந்து விட்டார்கள், டிடிடி தடை ஆனது, கூட்டங்கள் திரும்பின, 2009ல் நாட்டின் அருகிவரும் உயிரினப் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்தார்கள். விஷத்தை நிறுத்தியதுதான் அங்கே நடந்த வேலை. கொடி அதற்கு முன்பும் பறந்துகொண்டுதான் இருந்தது.

நம்மிடமே இதற்கு ஒப்பீடு இருக்கிறது. வரையாட்டுக்கு 2022 டிசம்பரில் 25 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கித் தனித் திட்டம் அறிவித்தார்கள், கணக்கெடுப்பு, ரேடியோ காலர், அது வாழும் புல்வெளியைச் சீர்செய்வது என்று வேலை நடக்கிறது. மாநில விலங்கு என்பதால் பணம் கேட்பது எளிதாக இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் உலகத்திலேயே தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டும்தான் அது இருக்கிறது என்பதுதான் முதல் காரணம். மரகதப்புறாவுக்கு அந்த அவசரம் இல்லை.

அப்படியானால் மாற்றிவிடலாமா என்று கேட்பீர்கள். நீலகிரிச் சிரிப்பானையோ நீலகிரிக் காட்டுப்புறாவையோ வைக்கலாம் என்பவர்கள் உண்டு. நியாயமான வாதம், இரண்டும் தென்னிந்திய மலைகளை விட்டால் வேறு எங்கும் இல்லாதவை. கோவா அப்படித்தான் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய கொண்டைக்குருவி (புல்புல்) ஒன்றை வைத்திருக்கிறது. ஆனால் அவற்றைப் பார்க்க இன்னும் மேலே ஏற வேண்டும், பார்த்ததே இல்லை என்ற உங்கள் குறை இன்னும் கூடும். மரகதப்புறாவை அப்படியே விட்டுவிடலாம் என்பேன். மாற்றுவதற்கு ஆகும் பேச்சை நிழல் மரம் வெட்டாத காபித் தோட்டத்துக்கு ஏதாவது ஊக்கத்தொகை கொடுப்பதில் செலவிட்டால் அதற்கும் நல்லது, கூட இருக்கிற நூறு பறவைக்கும் நல்லது.

பார்க்க ஆசை இருந்தால் டாப்ஸ்லிப், வால்பாறை பக்கம், அல்லது எந்த மலையடிவாரக் காட்டுச் சாலையாக இருந்தாலும் விடியற்காலையில் போங்கள். வண்டியை மெதுவாக ஓட்டி, அனுமதி உள்ள சாலையில் மட்டும், நடுரோட்டைப் பாருங்கள். வெளிச்சம் வந்ததும் சாலைக்கு வந்து கொஞ்ச நேரம் மேயும். மேலே பார்த்துக்கொண்டு நடப்பவர்களுக்குக் கிடைக்காது.

மலையில் தங்கும் விடுதியோ தோட்டத்து வீடோ வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இந்தப் பறவை தாழ்வாக, வேகமாகப் பறப்பதால் பெரிய கண்ணாடி ஜன்னலில் மரத்தின் பிரதிபலிப்பைக் காடு என்று நினைத்து வந்து மோதும், இது எல்லா நாட்டிலும் மரகதப்புறாக்களுக்கு நடப்பதுதான். கண்ணாடிக்கு வெளிப்பக்கமாக நாலு விரல் இடைவெளிக்கு ஒன்றாகப் புள்ளியோ கோடோ ஒட்டினால் பெருமளவு குறையும். ஒரே ஒரு பருந்துப் படத்தை நடுவில் ஒட்டுவது வீண், அதைச் சுற்றிக்கொண்டு வந்து மோதும். மோதி மயங்கிக் கிடந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டிக்குள் ஒரு துணி விரித்து வைத்து, மூடி, பூனையும் சத்தமும் இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம் விடுங்கள். தேறினால் அதே தோட்டத்தில் திறந்துவிடலாம், தேறவில்லை என்றால் பக்கத்து வனத்துறை அலுவலகத்துக்கோ கால்நடை மருத்துவரிடமோ கொண்டுபோங்கள்.